கிண்டியில் படித்தவர்கள் எங்கெல்லாம் போனார்கள்? கேள்வி பதில்

கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பகுதி. அங்கே படித்தவர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். கவுன்சிலிங் சமயம் என்பதால் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. சரி, ஆரம்பிக்கலாம்.

சார், எனக்கு சிவில்தான் கிடைத்தது. கம்ப்யூட்டர் கனவு அவ்வளவுதானா?

இல்லை தம்பி. சித்தூர் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்த ராஜ் ரெட்டி 1958-ல் கிண்டியில் வாங்கியது சிவில் பட்டம். ஆஸ்திரேலியாவில் மேல்படிப்பு, அங்கேயே ஐ.பி.எம்.மில் வேலை, அப்புறம் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம். மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சியில் முன்னோடி. 1994-ல் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. நீ சிவிலை ஒழுங்காகப் படி, கூடவே கோடிங் பழகு. கணக்கில் மட்டும் பிடியை விட்டுவிடாதே.

என் மகளுக்குச் சின்ன வயதிலேயே கல்யாணமாகி, கைக்குழந்தை இருக்கிறது. இனிமேல் இன்ஜினியரிங் சேர்த்தால் ஊர் என்ன சொல்லும்?

அம்மா, ஊரை விடுங்கள். கிண்டியில் படித்த லலிதாவின் கதையைக் கேளுங்கள். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போது கணவர் இறந்துவிட்டார். விதவைகளை வீட்டின் மூலையில் உட்கார வைத்த காலம் அது. அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியில் மின் பொறியியல் பேராசிரியர். பெண்களே இல்லாத அந்தக் கல்லூரியில் மகளைச் சேர்க்க அவரே போய் முதல்வர் சாக்கோவிடம் பேசி, மேலிடத்து அனுமதியும் வாங்கினார். 1940-ல் லலிதா சேர்ந்தார். குழந்தை அண்ணன் வீட்டில் வளர்ந்தது, இவர் விடுதியில் தங்கிப் படித்தார். வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பட்டச் சான்றிதழில் ஆண் என்று குறிக்கும்படி அச்சாகியிருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண் என்று எழுத வேண்டியிருந்தது! பிறகு பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்சார வேலைகளில் பங்கெடுத்தார். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் உலக மாநாட்டுக்கும் போனார்.

லலிதாவுக்குத் துணையாக அப்பாவும் அண்ணன் குடும்பமும் நின்றார்கள். உங்கள் மகளுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். அது முடிவானால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தால் எனக்குப் பிடிக்காத சின்ன ஊரில் வேலை. ஓடிவிடலாம் போல இருக்கிறது.

குரியனுக்கும் அப்படித்தான் இருந்தது. லயோலாவில் இயற்பியல், கிண்டியில் மெக்கானிக்கல், அரசு உதவித்தொகையில் அமெரிக்காவில் மேல்படிப்பு. திரும்பி வந்தவரை 1949-ல் குஜராத்தின் ஆனந்தில் ஒரு அரசுப் பால் பண்ணைக்கு அனுப்பினார்கள். துளியும் பிடிக்கவில்லை. விடுபட்டுக் கிளம்பும் நேரத்தில், பால் கூட்டுறவுச் சங்கத்தை நடத்திய திரிபுவன்தாஸ் படேல், இயந்திரங்களைச் சரிசெய்து தரும்படி கேட்டார். இருந்துவிட்டார். அந்தச் சங்கம்தான் அமுல் ஆனது. நீங்களும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை, அந்த ஊருக்கு உங்கள் படிப்பால் என்ன ஆக வேண்டும் என்று கொஞ்சம் பாருங்கள்.

பையன் கிரிக்கெட் கிரிக்கெட் என்கிறான். படிப்பை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டியில் இன்ஜினியரிங்கும் படித்தார்கள், இந்தியாவுக்கும் ஆடினார்கள், இருவருமே கேப்டனாகவும் இருந்தார்கள். வெங்கட் பிற்பாடு 73 டெஸ்டுகளில் நடுவராகவும் நின்றார்.

லலிதாவோடு வேறு பெண்கள் படித்தார்களா?

ஆமாம். அடுத்த வருடமே லீலம்மா, தெரசியா என இருவர் வந்து சேர்ந்தார்கள். இருவருமே சிவில்! தெரசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். முதல் கேள்வி கேட்ட தம்பி இதையும் படிக்கட்டும்.