ஆங்கிலம் இலத்தீனின் வழிவந்ததா?

வணக்கம். அகராதிச் சொற்களில் பாதிக்கு மேல் இலத்தீனிலிருந்தும் பிரெஞ்சிலிருந்தும் வந்திருக்க, ஆங்கிலத்தை ஜெர்மானிய மொழி (ஜெர்மன், டச்சு முதலியவை அடங்கிய கிளையைச் சேர்ந்தது) என்று வகுப்புக் குறிப்பில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எழுதலாம்.

மொழிக்குடும்பத்தை இலக்கணம், அடிப்படைச் சொற்கள், ஒழுங்கான ஒலிமாற்றங்கள் ஆகியவற்றைக் கொண்டே அறிஞர்கள் தீர்மானிக்கிறார்கள். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிளர், சாக்சன், ஜூட் இனத்தவர் வடகடலைக் கடந்து பிரிட்டனுக்குக் கொண்டுவந்த பேச்சே ஆங்கிலத்தின் வேர். இலத்தீனில் 'பாட்டெர்', 'பிஸ்கிஸ்' என்று பகரத்தில் தொடங்கும் சொற்களுக்கு இணையானவை ஆங்கிலத்தில் 'ஃபாதர்', 'ஃபிஷ்' என நிற்பது, ஜெர்மானியக் கிளை முழுவதற்கும் பொதுவான ஒலிமாற்றத்தின் விளைவு. 'சிங், சேங், சங்' (பாடு என்னும் வினை) என உயிரொலியை மாற்றிக் காலம் காட்டும் முறையும் அக்கிளையில் வேரூன்றியதே.

1066இல் வட பிரான்சிலிருந்து வந்த, பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியதால் சட்டம், ஆட்சி, சமையல் சார்ந்த சொற்கள் பெருமளவில் நுழைந்தன. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்ற 1362ஆம் ஆண்டுச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது என்பது ஒரு வேடிக்கை. என்னைக் கேட்டால், அதைவிட ஆழமான தாக்கம் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங் குடியேறிகளின் நார்ஸ் மொழியுடையது. மொழிகள் எளிதில் கடன் வாங்காத பிரதிப்பெயர்களில்கூட 'தே' (அவர்கள்), 'தெம்' (அவர்களை) ஆகியவை அங்கிருந்து வந்தவை. நார்ஸும் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்ததே என்பதால், இது உங்கள் கூற்றுக்கு முரணாகாது.

குறிப்பில் 'ஜெர்மானிய மொழி. சொல்வளத்தின் பெரும்பகுதி கடன்' என்று சேர்த்தெழுதினால் மாணவர் குழம்பமாட்டார்கள்.