மலையில் குடியேற எந்த ஊர்?

கேள்வி: நானும் மனைவியும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். இப்போது திருப்பூரில் இருக்கிறோம். நடை, சைக்கிள், பறவை பார்ப்பது மூன்றும் பிடிக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், இதில் எங்கே குடிபோகலாம்? எழுபது வயது அம்மாவும் கூட வருவார். ஐந்து சென்ட் இடம் வாங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: கோத்தகிரிக்குப் போங்கள். ஆனால் வாடகைக்கு. இடம் வாங்கும் பேச்சை ஒரு வருஷம் தள்ளி வையுங்கள்.

மலையில் கண்ணுக்குத் தெரிகிற பச்சையெல்லாம் நாம் நடக்கிற இடம் அல்ல. பெரும்பகுதி காப்புக்காடு, அனுமதியில்லாமல் நுழைந்தால் வனத்துறை வழக்குப் போடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்த பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. அதனால் ஊரில் எத்தனை வியூ பாயின்ட் என்று எண்ணாதீர்கள். வாசலில் இறங்கினால் யாரையும் கேட்காமல் நடக்க எத்தனை பாதை இருக்கிறது என்று பாருங்கள். கோத்தகிரி ஜெயிப்பது இதில்தான். படுகர் மக்களின் ஊர்களான ஹட்டிகளை இணைக்கும் சின்னச் சாலைகள் தேயிலைக்கு நடுவே ஏறி இறங்கிப் போகின்றன. கோடநாடு சாலை சைக்கிளுக்கு அருமை. கடைசியில் ரங்கசாமி மலையும் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்கும் தெரியும்.

பறவைக்கு லாங்வுட் சோலை. நகரை ஒட்டி 116 ஹெக்டேர். 2024-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. நீலகிரி சிரிப்பான் பறவையை அங்கே பார்க்கலாம். மழை நாளில் அட்டைக்கடிக்குத் தயாராகப் போங்கள். சோலைக்குள் போக அனுமதி வேண்டும். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் லாங்வுட்டும் உண்டு, கரிக்கையூரிலிருந்து ரங்கசாமி மலை ஏறும் வழியும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அனுப்புவார்கள். கோடையில் தீ பயத்தால் பாதைகளை மூடுவதும் உண்டு என்பதால் தேதியைப் பார்த்துத் திட்டமிடுங்கள்.

மற்ற ஊர்கள் மட்டமில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும், உங்கள் அம்மாவுக்கு அது சிரமம். சீசனில் சாலையைக் கடப்பதே ஒரு பயிற்சி. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது அதன் பெரிய பலம். குன்னூரில் ரயில் உண்டு, குளிரும் அளவானது. பேருந்து நிலையத்தைச் சுற்றி நெரிசல்தான் தாங்காது. கொடைக்கானலின் ஏரிச் சுற்று எனக்கும் பிடிக்கும். ஆனால் பெரிய மருத்துவமனை என்றால் மதுரைக்கு இறங்க வேண்டும், அது நூறு கிலோமீட்டருக்கும் மேல். திருப்பூரில் உறவுகளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் எதற்கு? கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்து சொச்சம் கிலோமீட்டர்தான், அங்கிருந்து கோவை பக்கம்.

இனி மழை. கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் ஆடி மழையைவிட ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதற்குப் பெரிது. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் இறங்கும் மலைச்சாலையை மூடிவிடுவார்கள். அப்போது குன்னூர் வழி திறந்திருந்தால் சுற்றி இறங்கலாம். ஆகவே வீட்டை மே மாதம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நவம்பரில் பாருங்கள். பின்சுவரில் ஈரம் ஊறுகிறதா, துணி காய்கிறதா, அலமாரிக்குள் பூஞ்சணம் வாடை வருகிறதா, மின்சாரம் போனால் இணையம் நிற்கிறதா என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். வீட்டுக்கு மேலே புதிதாக வெட்டிய மண்மேடு இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் ஊருக்குள் வரும். விடியுமுன் தனியாக ஓடப் போகாதீர்கள், காதில் பாட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். தனியாக நிற்கும் காட்டெருமைக் காளை எதிரே வந்தால் நின்று, மெல்ல பின்வாங்கி வழிவிடுங்கள்; படம் எடுக்க நெருங்கினால் முட்டும். நாய் வளர்த்தால் இரவில் வீட்டுக்குள் கட்டுங்கள், சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை.

அந்த ஐந்து சென்ட் விஷயம். ‘பட்டா இருக்கிறது சார்’ என்று தரகர் சொல்வார். பட்டா இருந்தால் மட்டும் வீடு கட்டிவிட முடியாது. நீலகிரியில் கட்டட விதிகள் சமவெளியைவிடக் கடுமை. காப்புக்காட்டை ஒட்டிய நிலமா, யானை வழித்தடமா, சரிவு எவ்வளவு என்றெல்லாம் பார்த்துத்தான் அனுமதி தருவார்கள். கூடலூர்ப் பக்கம் மலிவாகச் சொன்னால் ஜென்ம நிலமா, அதாவது பழைய ஜமீன் போன்ற உரிமையில் இருந்த நிலமா என்று முதலில் கேளுங்கள். அங்கே அந்த நில உரிமை வழக்குகள் தலைமுறை கடந்தவை.

இன்னொன்று: 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. வீடு தேடி வரும்போது காரில் வருவதானால் பாஸ் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வந்தால் அது தேவையில்லை. குடியேறிய பிறகு உங்கள் வண்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.