இறந்தவரைப் புதைத்தால் ஆன்மா உடலைச் சுற்றியே அலையுமா? எரிப்பது மட்டும்தான் இந்து மரபா?

உடலை எரித்தால்தான் ஆன்மா விடுபடும், புதைத்தால் அது மண்ணோடு கட்டுண்டு கிடக்கும் என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தந்தையை நாங்கள் அடக்கம் செய்தபோது, துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் இதையே என் தாயின் காதுபடச் சொன்னார். அதன் பிறகே நான் இதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

எரிப்பது மட்டுமே வைதிக வழி என்ற எண்ணத்துக்கு ரிக் வேதமே இடம் தரவில்லை. அதன் பத்தாம் மண்டலத்தின் (பகுதியின்) 16ஆம் சூக்தம், அதாவது துதிப்பாடல், சிதைத் தீயை நோக்கிப் பேசுகிறது. இறந்தவனின் கண் கதிரவனையும் மூச்சு காற்றையும் சென்றடையட்டும் என்கிறது. சற்றே தள்ளி வரும் 18ஆம் சூக்தம், தாய் தன் ஆடையின் ஓரத்தால் மகனைப் போர்த்துவதுபோல் இவனை மூடிக்கொள் என்று பூமியை வேண்டுகிறது. 15ஆம் சூக்தமோ நெருப்பில் எரிந்த பிதிரர் (இறந்த முன்னோர்), எரியாத பிதிரர் என இரு சாராரையும் ஒருசேர நினைக்கிறது. எரியாதவர் கரையேறவில்லை என்ற பேச்சே அங்கு இல்லை.

பிறகு ஏன் தகனம் மேலோங்கியது என்றால், இறுதிச் சடங்கின் வடமொழிப் பெயரிலேயே காரணம் இருக்கிறது. அந்தியேட்டி என்றால் கடைசி வேள்வி. வாழ்நாளெல்லாம் அக்கினி வளர்த்த இல்லறத்தான் இறுதியில் தன் உடலையே அதற்கு ஆகுதியாகத் தருகிறான். ஆகவேதான், இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மனு தர்மம் தீயை விதிக்கவில்லை. துறவு பூணும்போதே அக்கினியைத் துறந்துவிடும் சந்நியாசியையும் எரிப்பதில்லை. திருமூலர் இன்னும் ஒரு படி மேலே போய், ஞானியின் உடல் தீயில் வெந்தால் நாட்டுக்கே கேடு என்று எச்சரித்து, ஒன்பது சாண் ஆழத்தில் குகை அமைத்து அவரைப் பத்மாசனத்தில் இருத்தும் முறையை விரிவாகச் சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டில் வள்ளலார், ஞானி, பாமரர் என்ற வேறுபாடின்றி, யாருடைய உடலையும் சுடுவது குற்றம் என்றே கூறினார்.

உடல் அழியாமல் இருந்தால் பற்று விடாது என்ற வாதத்தை நான் முற்றிலும் தள்ளிவிடவில்லை. வீடு, மக்கள், பொருள் என்று வாழ்ந்தவருக்கு அதில் ஏதோ பொருத்தம் இருக்கலாம். ஆனால் ஞானிக்கும் குழந்தைக்கும் அது பொருந்தாது என்று மரபே ஒப்புக்கொள்ளும்போது, கட்டுவது பற்றுதானே ஒழிய மண் அல்ல என்றாகிறது. (உடல் கண்ணெதிரே சாம்பலாவதைப் பார்த்து மனம் தெளிவது, போனவரைவிட இருப்பவருக்கே அதிகம் என்பது என் எண்ணம்.)

அதைவிட முக்கியமான ஒன்று: கருட புராணத்தின்படி ஆன்மாவின் பயணத்துக்கு வேண்டிய புதிய உடலை உருவாக்குவது பத்து நாள் இடப்படும் பிண்டம், அதாவது இறந்தவருக்குப் படைக்கும் சோற்று உருண்டை. முதல் நாளில் தலை தொடங்கி ஒவ்வோர் உறுப்பாக அது அமைவதாகச் சொல்லப்படுகிறது. ஆக, அந்தப் புதிய உடலைத் தருவது பிண்டமே, நெருப்பு அல்ல. எங்கள் வீட்டிலும் பால் தெளிப்பு, கருமாதி, ஆண்டுத் திதி என எல்லாமே முறைப்படி நடந்தன. அஸ்தி கரைப்பது ஒன்றுதான் இல்லை.