நடக்கப் போவதில்லை என்றால் பயிற்சி எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. விபத்தில் தண்டுவடம் அடிபட்டு ஐந்து மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. தினமும் கால்களை நீட்டி மடக்கினால் சலித்துப்போய் அழுகிறான். நடக்கப் போவதில்லை என்றால் இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில்: பிசியோதெரபிஸ்ட்டாக நான் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் முதலில் பார்ப்பது காலை அல்ல அம்மா, முதுகை. உங்கள் மகன் இன்னும் வளர வேண்டியவன். எலும்பு நீளும்போது தாங்கிப் பிடிக்கத் தசைக்கு வலு இல்லாவிட்டால் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும், இடுப்பு மூட்டும் நழுவலாம். நடந்தாலும் நடக்காவிட்டாலும் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான். சக்கர நாற்காலியையும் காலணியையும் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவு பாருங்கள்.

சரி, அழுகைக்கு வருவோம். பயிற்சியை விளையாட்டுக்குள் வையுங்கள். கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, பந்து எறியச் சொல்லுங்கள். உடம்பை நிலைநிறுத்தப் பழகுவான். என்னிடம் வந்த ஒரு சிறுமி, படக்கதையில் நாலைந்து பக்கம் முடிந்ததும் இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வாள். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்தால் படுக்கைப்புண் வராமல் தடுக்க உதவும். தோலைக் காலையும் இரவும் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்தில் அழுத்தமே கூடாது.

கால்களை மட்டும் வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். எடை தாங்காத எலும்பு மெலிந்துவிடும், எளிதில் முறியும். அவனுக்கு வலியும் தெரியாது. கால் திடீரென வீங்கினாலோ சூடாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.