ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் இரும்புத் தாது எங்கே இருக்கிறது என்று தோண்டுவதற்கு முன்பே அறிய முடியுமா?

தாது எந்தப் பாறை அடுக்கில் இருக்கக்கூடும் என்பதை முன்பே கணித்துவிடலாம். வரைபடத்தின் எந்தக் கட்டத்தில் (சதுரத்தில்) இருக்கிறது என்பதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்ட, குள்ளர்களைக் கொண்டு கோட்டை கட்டும் இந்தக் கணினி விளையாட்டு, கனிமங்களை மனம்போன போக்கில் தூவுவதில்லை; பெரும்பாலும் நிஜமான புவியியலைப் பின்பற்றியே வைக்கிறது என்பதால், பாறையை அடையாளம் காணத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தமாதிரிதான்.

இரும்பு வேண்டுமென்றால் படிவுப் பாறையைத் தேடுங்கள். ஹேமடைட், லிமோனைட், மேக்னடைட் ஆகிய மூன்று தாதுக்களும் அதில் கிடைக்கும். ஹேமடைட் மட்டும் எரிமலைக் குழம்பு வெளியே வந்து இறுகிய பாறையிலும் கிடைக்கும். நிலக்கரியும் பழுப்பு நிலக்கரியும் படிவுப் பாறைக்கே உரியவை. எஃகு காய்ச்சத் தேவையான இளக்கிக் கல்லாக (ஃப்ளக்ஸ்) பயன்படும் சுண்ணாம்புக்கல், டோலமைட், சாக்கட்டி ஆகியவையும் அங்கேதான் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஆகவே எஃகுக் கோட்டை கட்ட நினைப்பவர் வேறு எதையும் பார்க்காமல் இந்த ஒன்றைப் பார்த்து இடம் பிடித்தாலே போதும் என்பது என் கருத்து. வெள்ளீயத்துக்குக் கருங்கல்லையும், வைரத்துக்குக் காப்ரோ பாறைக்குள் வரும் கிம்பர்லைட் என்ற கல்லையும் நாட வேண்டும்.

இடம் பிடித்தபின் முதலில் மலைச்சரிவுகளைப் பார்வையிடுங்கள்; வெளியே தெரியும் தாதுவுக்குச் செலவே கிடையாது. அடுத்து, மேலும் கீழும் செல்லும் படிக்கட்டு ஒன்றை நேராகக் கீழே இறக்குங்கள். தோண்டப்படும் ஒவ்வொரு கட்டமும் தன்னைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், எந்த ஆழத்தில் எந்தப் பாறை தொடங்கி எங்கே முடிகிறது என்பது இந்த ஒரே துளையில் புலப்பட்டுவிடும். கீழே குகை திறந்துகொண்டால் அங்கிருக்கும் ஜந்துக்கள் இதே படிக்கட்டில் ஏறி வரும். மூடி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். ஈரக் கல், சூடான கல் என்று எச்சரித்து விளையாட்டு வேலையை நிறுத்தினால் எரிச்சல்படாதீர்கள், முன்னது அருகே நீர் இருப்பதையும் பின்னது எரிகுழம்பு இருப்பதையும் இலவசமாகச் சொல்லும் தகவல்கள்.

பொருத்தமான அடுக்கு கிடைத்ததும் அந்த மட்டத்தில் பக்கவாட்டில் சுரங்கப்பாதை வெட்டலாம். இரண்டு கட்டம் விட்டு ஒரு கட்டம் என்று இணையாக வெட்டினால் எதுவும் தப்பாது, ஆனால் மூன்றில் ஒரு பங்குப் பாறையை வெட்டித் தீர்க்க வேண்டியிருக்கும். தாது நரம்புகள் நீண்டு வளைந்து செல்பவை. பத்துக் கட்டத்துக்கு ஒரு பாதை என்று வெட்டினாலும் அவற்றில் பெரும்பாலானவை எங்காவது குறுக்கே வந்து மாட்டும். இந்த அகன்ற இடைவெளியில் நழுவிப்போவது சிறு கொத்துகளாகக் கிடக்கும் இரத்தினக் கற்கள்தான், இரும்புக்காகத் தோண்டுபவருக்கு அது பெரிய இழப்பில்லை. ஒரு மட்டத்தில் கண்ட நரம்பு அடுத்த மட்டத்திலும் அதே இடத்தில் தொடரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொரு மட்டத்தையும் தனியாகவே சோதிக்க வேண்டும்.

இத்தனையும் வேண்டாமென்றால் டிஎஃப்ஹேக் என்ற துணைக்கருவியின் ‘பிராஸ்பெக்ட் ஆல்’ கட்டளை, இன்னும் கண்ணில் படாத கனிமங்களையும் சேர்த்து எண்ணிக் காட்டிவிடும். இடம் சரியில்லாமல் பல மணி நேரம் வீணாவதைத் தவிர்க்கத் தொடக்கத்தில் ஒருமுறை அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அதற்குமேல் பயன்படுத்தினால் குள்ளர்களுக்குக் குந்தாலி எதற்கு என்றாகிவிடும்.