மெக்கானிக் பதில்கள்: செயினில் ஆரம்பியுங்கள்

கேள்வி: குடியாத்தத்திலிருந்து வேலூருக்குத் தினமும் 100 சிசி வண்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் மெக்கானிக் கடையில் அரை நாள் உட்கார வேண்டியிருக்கிறது. சில வேலைகளை நானே செய்யப் பழகலாம் என்று ஆசை. எதில் ஆரம்பிப்பது? என்ன சாமான் வாங்குவது? சொல்லுங்கள் அண்ணா.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: செயினில் ஆரம்பியுங்கள் தம்பி. ஆயில், பிளக், பேட்டரி எல்லாம் அப்புறம். காட்பாடியில் என் கடைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கும் நான் முதலில் கொடுப்பது செயின் வேலைதான். ஸ்பானர் பிடிக்கும் விதம், நட்டை எவ்வளவு இறுக்கினால் போதும் என்ற கைப்பழக்கம், சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் கண், பிரேக் சரிபார்ப்பது, எல்லாம் அந்த ஒரே வேலையில் வந்துவிடும்.

வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் வைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினைத் துணியால் துடைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். துணியை ஸ்பிராக்கெட் (செயின் ஓடுகிற பல்சக்கரம்) இழுத்தால் விரலையும் சேர்த்துத்தான் இழுக்கும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.

செயின் முழுக்கக் கவருக்குள் இருக்கும் வண்டி என்றால், கவரில் ஒரு சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு, விரலை விட்டுச் செயினை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். 100 சிசி வண்டிகளில் மொத்த ஆட்டம் சுமாராக இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓடித் தேய்ந்த செயின் ஓர் இடத்தில் லூஸாகவும் இன்னோர் இடத்தில் டைட்டாகவும் இருக்கும். அளவு வைக்க வேண்டியது டைட்டான இடத்தில். லூஸான இடத்தைப் பார்த்து இறுக்கிவிட்டால், டைட்டான இடம் சுற்றி வரும்போதெல்லாம் செயின் விறைத்து, ஸ்பிராக்கெட்டையும் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும். இரண்டு இடத்துக்கும் வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால் அட்ஜஸ்ட் செய்து பிரயோஜனம் இல்லை, செயின் செட்டையே மாற்றுங்கள்.

இறுக்க வேண்டும் என்றால், முதலில் பின் சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். சில வண்டிகளில் செயின் பக்கம் ஸ்லீவ் நட்டு என்று இன்னொன்று இருக்கும், அதையும் தளர்த்த வேண்டும். அப்புறம் இரண்டு பக்க அட்ஜஸ்டர் நட்டையும் கால் சுற்று, கால் சுற்றாக ஒரே அளவு திருப்புங்கள். அங்கே கோடுகள் இருக்கும். இடது பக்கம் எந்தக் கோடோ வலது பக்கமும் அதே கோடு. இல்லாவிட்டால் சக்கரம் சாய்ந்து நிற்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நட்டுகளை நன்றாக இறுக்கிய பிறகு இன்னொரு முறை ஆட்டம் பாருங்கள், இறுக்கும்போது அளவு கொஞ்சம் மாறும்.

இதோடு முடிந்தது என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள். சக்கரம் பின்னால் நகர்ந்ததால் பின் பிரேக் ராடும் இழுபட்டிருக்கும். பெடல் நுனியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் ஆட்டம் வரும்படி ராடு நட்டைத் திருப்பி, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா, பெடலை மிதித்தால் பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரோட்டில் இறங்க வேண்டும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் அல்லது டீசல், ஒரு பழைய பிரஷ், பனியன் வேஸ்ட் போதும். காய்ந்ததும் 90 நம்பர் கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டு, வழிவதைத் துடைத்துவிடுங்கள். எஞ்சினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலை ஊற்றாதீர்கள், அதில் தேய்ந்த இரும்புத் தூள் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டினால் அடுத்த நாளே ஆயில் விடுவது நல்லது.

சாமானுக்குப் பெரிய பெட்டி செட் வேண்டாம். 10-11, 12-13, 14-15, 16-17 ரிங் ஸ்பானர், உங்கள் ஆக்சில் நட்டுக்குப் பொருந்துகிற ஒன்று, பிளக் ஸ்பானர், நல்ல ஸ்க்ரூடிரைவர், காற்று பார்க்கும் கேஜ். ரிங் ஸ்பானர் நட்டைச் சுற்றிலும் பிடிக்கும். திறந்த வாய் ஸ்பானர் நழுவினால் நட்டின் மூலை மழுங்கிப்போகும்.

காற்றை விடியற்காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஹைவேயில் ஓட்டி வந்து பார்த்தால் டயர் சூட்டில் கேஜ் கூடுதலாகத்தான் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால், ஆறிய பிறகு குறைவாக நிற்கும்.

கேள்வி: அப்பாவின் பழைய வண்டியைக் கல்லூரிக்கு ஓட்டுகிறேன். கடையில் என்ன கோளாறு என்று கேட்டால், “அண்ணனை வரச் சொல்லும்மா” என்கிறார்கள். நான் எப்படிக் கற்றுக்கொள்வது?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: அப்படிச் சொன்னது தப்பு அம்மா. என் தொழிலில் இருப்பவர்களே இப்படிச் செய்வது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. வண்டியை ஓட்டுகிறவர் நீங்கள். சத்தம் எப்போது வருகிறது, எந்த கியரில் திணறுகிறது என்பது அண்ணனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டு காரியம் செய்யுங்கள். கூட்டமில்லாத நாளில் போய், “சர்வீஸ் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், மாற்றிய பழைய பார்ட்ஸைக் கையில் கொடுங்கள்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையை விட்டுவிடுங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

அடுத்து, வீட்டில் பிளக் பார்க்கப் பழகுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். நுனி இளம் காப்பி நிறத்தில் இருந்தால் எஞ்சின் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, இல்லை ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஆயில் ஈரம் இருந்தால் கடைக்குக் காட்டுங்கள். திரும்பப் போடும்போது ஸ்பானரை ஓரமாக வைத்துவிட்டு, விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். விரலுக்கு வராமல் முரண்டினால் மரை கோணலாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம், கழற்றி மறுபடி வையுங்கள். ஸ்பானர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்.

கேள்வி: ஏலகிரியிலிருந்து இறங்கும்போது பின் பிரேக்கில் கருகிய வாடை வந்தது, பிரேக்கும் பிடிக்கவில்லை. அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகர், ஜோலார்பேட்டை

பதில்: அட்ஜஸ்ட்மென்ட் பிரச்சினை இல்லை, சூடு. 14 கொண்டை ஊசி வளைவையும் பின் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் கொதித்து, அதன் உள்ளே உரசிப் பிடிக்கிற ஷூ வழுக்க ஆரம்பிக்கும். இரண்டாவது கியரில் இறங்குங்கள், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை வளைவுக்கு முன் இரண்டும் சேர்த்துப் பிடித்து விட்டுவிடுங்கள். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறிய பிறகும் பிடிப்பு வராவிட்டால் டிரம்மைத் திறந்து பார்க்க வேண்டும். அது கடை வேலை. நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. பிரேக் லிவர் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தால், பெடலை முழுக்க மிதித்துப் பாருங்கள். அம்பு எல்லைக் குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது.

கேள்வி: வீட்டிலேயே எஞ்சின் ஆயில் மாற்றலாமா? பழைய ஆயிலை என்ன செய்வது?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: தாராளமாக மாற்றலாம். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் மட்டும் சர்வீஸ் சென்டரிலேயே செய்து பில் வாங்கி வையுங்கள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்கினால் அழுக்கும் சேர்ந்து இறங்கும். டிரெயின் போல்ட்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். போல்ட் இரும்பு, எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். பலத்தைக் காட்டி இறுக்கினால் போகிறது அலுமினியத்தின் மரைதான், அந்தச் செலவு பெரிது. கார் ஆயில் வேண்டாம். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே ஓடுவதால் வழுக்கும். டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ (JASO MA, இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்ற பைக் ஆயில் என்ற தரக்குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. தோல் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த கதை 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன மண் இது. ராணிப்பேட்டைக்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேனில் பிடித்து மூடி, பக்கத்து மெக்கானிக் கடையில் கொடுங்கள். எங்களிடம் டிரம்மில் சேர்த்து வைப்போம், பழைய ஆயில் எடுக்கிறவர்கள் வந்து வாங்கிப்போவார்கள்.

கேள்வி: பிஎஸ் 6 வண்டியில் கார்பரேட்டர் ட்யூனிங் நானே செய்யலாமா?
– ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பெரும்பாலான வண்டிகளில் கார்பரேட்டரே இல்லை, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர்தான். அதில் திருகுவதற்கு ஒன்றும் இல்லை. மீட்டரில் எஞ்சின் லைட் அணையாமல் எரிந்தால் ஸ்கேனர் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது சீட்டுக்கு அடியில் உள்ள வயர் கப்ளர்களில் தண்ணீரைப் பீய்ச்ச விடாதீர்கள், அது உங்கள் வேலை.