தாய்வீடு தூரத்தில் இருக்கும்போது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மன்னார்குடியில் பிறந்து, திருமணமாகிச் சிங்கப்பூரின் செங்காங் வந்தவள் நான். ஐப்பசியில் தலைப்பிரசவம். துணைக்கு வரும் அம்மாவை இரண்டு மாதம் எங்களுடன் தங்கவைக்க விரும்புகிறேன். சம்பந்தி வீட்டில் அத்தனை நாள் தங்குவது முறையில்லை என்கிறார் மாமியார். நாத்தனாரோ பிள்ளை பெற்றபின் இதே வீட்டில்தான் இரண்டு மாதம் இருந்தார். பாட்டி காலத்தைப்போல் சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமோ?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பெண் கொடுத்த வீட்டில் பல நாள் தங்கினால் மதிப்புக் குறையும் என்ற தயக்கம் நம் பெற்றோர் பலருக்கு உண்டு. உங்கள் மாமியார் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் வளைகாப்பு முடிந்ததும் மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வதும் முறைதான். அதை விட்டு இதை மட்டும் பிடித்துக்கொண்டால், மருமகளின் கடமைகள் சிங்கப்பூருக்கு வந்துசேர்கின்றன, அவளுக்கு இருந்த பாதுகாப்பு மன்னார்குடியிலேயே தங்கிவிடுகிறது.

வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் பெண்களுக்குத் தன்னுரிமை கூடுதலாகவும் குழந்தை இறப்பு குறைவாகவும் இருந்ததற்குச் சொந்தத்துக்குள்ளேயே மணமுடிக்கும் உறவுமுறை அமைப்பு ஒரு முக்கியக் காரணம் என்று டிம் டைசன், மிக் மூர் என்ற ஆய்வாளர்கள் 1983இல் வாதிட்டனர். மாமியாரே அத்தையாக இருந்த வீட்டில் மருமகளைக் கடிந்து பேசினால், பொழுது சாயும் முன் அடுத்த தெருவிலிருந்து அண்ணன் வந்து கேட்டுவிடுவான். அதற்காக அந்தக் காலத்தை நான் மெச்சமாட்டேன். முறைமாமனை வேண்டாமென்று சொல்ல முடியாத பெண்கள் எத்தனையோ பேர். நெருங்கிய உறவில் மரபுவழி நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பும் கூடுகிறது. உங்கள் பாட்டிக்குத் துணையாக இருந்தது ரத்தபந்தம் என்பதைவிட, பிறந்த வீடு கூப்பிடு தூரத்தில் இருந்ததுதான்.

இங்கோ மணமாகி வரும் பெண்கள் பலருக்குத் தங்கும் அனுமதிக்கே கணவர்தான் ஆதரவாளர். 1961இல் வந்த மாதர் சாசனத்தின்கீழ், மணமுறிவில் சொத்தைப் பிரிக்கும்போது இல்லத்தரசியின் உழைப்பும் கணக்கில் கொள்ளப்படும். நல்ல சட்டம்தான், ஆனால் பிள்ளை பெற்றவளுக்கு யார் பத்தியச் சாப்பாடு ஆக்கிப்போடுவது என்பதில் அது தலையிடாது.

நாத்தனாரைப் பற்றிய வரியை உங்கள் கணவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். மகளுக்கு அம்மா வேண்டும் என்று தெரிந்த குடும்பம்தான் அது. மாமியாரிடம் பேச வேண்டியவர் உங்கள் கணவர்தான். நீங்கள் பேசினால் மாமியார் மருமகள் சண்டையாகிவிடும். குழந்தை குடியுரிமை பெற்றதாக இருந்தால், 2025 ஏப்ரலிலிருந்து தந்தைக்கும் 4 வாரச் சம்பள விடுப்பு உண்டு, அதையும் அவர் எடுக்கட்டும். மதிப்புதான் தடை என்றால், உங்கள் அம்மாவைத் தொலைபேசியில் அழைக்க வேண்டியவர் மாமியாரே. சம்பந்தி வாய்திறந்து வரச்சொன்னால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. பயணச்சீட்டு எடுக்கும் முன்பே அந்த அழைப்பு போகட்டும்.